முதல் இடம் யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு தம்பி வந்து கேட்டான்.

"சார், லூக்கா 14-ல இயேசு பெத்தவங்களையே வெறுக்கணும்னு சொல்றாரே. அப்ப ஐந்தாம் கட்டளை என்னாச்சு?"

அன்றைய பிரசங்கமே அந்தப் பகுதிதான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அர்த்தம் தெரியாமல் இல்லை. அதே வாரத்தில் என் வீட்டிலேயே அந்த வசனம் வந்து உட்கார்ந்திருந்தது. "எழுதுறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

முதலில் தமிழ் வாத்தியாராக அந்தச் சொல்லைப் பார்த்துவிடுகிறேன்.

எபிரெய மக்களின் பேச்சு வழக்கில் ஒன்றை அதிகமாக நேசித்து மற்றொன்றைக் குறைவாக நேசிப்பதை, "இதை நேசித்தான், அதை வெறுத்தான்" என்று சொல்வதுண்டு. ஆதியாகமம் 29-ஐத் திறந்து பாருங்கள். யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசித்ததாக ஒரு வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்தில் லேயாளைப் பற்றிச் சொல்லும்போது மூலத்தில் இருப்பது "வெறுக்கப்பட்டவள்" என்ற சொல். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அவள் அற்பமாய் எண்ணப்பட்டதாகப் பெயர்த்திருக்கிறார்கள். யாக்கோபு லேயாளைத் துரத்தவில்லை, பட்டினி போடவில்லை. அவளுக்கு இரண்டாம் இடம் கொடுத்தான், அவ்வளவுதான். மத்தேயு 10-ல் இதே போதனை வரும்போது, இயேசுவைவிட அதிகமாகத் தாய் தகப்பனை, மகன் மகளை நேசிக்கிறவன் என்று விளக்கமாகவே இருக்கிறது.

ஆக, கேள்வி வெறுப்பைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது. முதல் இடம் யாருக்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். லூக்கா 14-ல் உள்ள அந்தப் பட்டியல் தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரிகள் என்று போய்க் கடைசியில் நம் சொந்த ஜீவனில் முடிகிறது. உறவின்மேல் வைக்கும் பற்றும் நம்மேல் நாமே வைக்கும் நம்பிக்கையும் ஒரே வசனத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. என் வாழ்க்கையிலும் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2004-ஆம் வருடம். என் மகள் நர்சிங் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்திருந்தாள். ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு விண்ணப்பப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். வட இந்தியாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு ஆள் தேவை. மூன்று வருடம். சம்பளம் சொற்பம்.

"அப்பா, ரொம்ப நாளா ஜெபம் பண்ணிட்டு இருக்கேன். கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றாள்.

நான் போடவில்லை. கல்யாணமாகாத பெண்பிள்ளை, மொழி தெரியாத ஊர், பாதுகாப்பு இல்லை என்று ஒரு பட்டியல் சொன்னேன். அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையான காரணம் அதில் இல்லை. இவள் என் ஒரே பிள்ளை, என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். அடுத்த வருடமே கல்யாணம் முடிந்தது. அதற்கு அடுத்த வருடம் மாப்பிள்ளையோடு மஸ்கட் போனாள். கவனித்தீர்களா? சத்தீஸ்கர் எனக்குத் தூரமாகத் தெரிந்தது. மஸ்கட் தெரியவில்லை.

அதே வருடம் மிஷனெரி ஞாயிறு அன்று நான்தான் சபையில் பேசினேன். தலைப்பு அசரியா அத்தியட்சர். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1903-ல் நம் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தையும் ஆட்களையும் எதிர்பார்க்காமல், தங்கள் சொந்தக் காணிக்கையில் தங்கள் பிள்ளைகளையே அனுப்புவதற்கு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு தன் நல்ல வேலையை விட்டுவிட்டு 1909-ல் அவரே தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு படித்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். இதையெல்லாம் உருக்கமாகப் பேசினேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். காணிக்கையும் நன்றாக விழுந்தது. மூன்றாவது வரிசையில் என் மகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று தோர்ணக்கல்லுக்கு ரயிலேறியவர்களுக்கும் வீட்டில் தாய் தகப்பன் இருந்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சொல்லிப் பேசுவது எளிது.

என் மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாக வாழ்கிறாள், தண்டனை என்று எதுவும் வரவில்லை. கர்த்தரை முதலில் வைக்காவிட்டால் விபத்து வரும், வியாதி வரும் என்று பயமுறுத்துகிற சாட்சி அல்ல இது. அப்படிப்பட்ட சாட்சிகளில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. நடந்தது வேறு. 2019-ல் என் மனைவி ஆண்டவரிடம் போனாள். அடக்க ஆராதனை முடிந்து நாலைந்து நாள் கழித்து, மகள் அம்மாவின் வேதாகமத்தை எடுத்துப் புரட்டினாள். அதற்குள் அந்த விண்ணப்பப் படிவம் இருந்தது. 15 வருடம். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. எத்தனை தடவை திறந்து பார்த்து ஜெபித்தாளோ, என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மகள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்து அதே இடத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தை ஒழுங்காக வாசித்தேன். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை நடத்திய பாடம்தான். அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு பெற்றோர் இருக்கிறார்கள். ஒருத்தி அன்னாள். அழுது கேட்டு வாங்கிய பிள்ளையைக் கர்த்தருடைய ஆலயத்தில் கொண்டுபோய் விட்டவள். மற்றவர் ஏலி. ஊழியக்காரர், ஆனால் கர்த்தரைவிடத் தன் குமாரரை அதிகமாய் மதித்தவர் என்று தேவ மனுஷனிடம் கண்டிப்பு வாங்கியவர்.

எனக்குள் ஒரு பயம் இருந்தது. பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டால் பாசம் அறுந்துவிடும் என்று. அந்தப் பயத்துக்கு அன்னாள் பதில் சொல்கிறாள். வருடந்தோறும் பலியிட வரும்போது சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருவாளாம். ஒரு வருடத்தில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தூரத்தில் இருந்தே மனதுக்குள் அளவெடுத்துத் தைக்க வேண்டும். இதைவிடப் பெரிய பாசம் என்ன இருக்கிறது? கொடுத்ததால் அவள் அன்பு குறையவில்லை. ஏலி பிள்ளைகளைத் தன்னோடேயே வைத்திருந்தார். அவர்களைக் கண்டிக்கிற இடத்தில் கண்டிப்பு போதவில்லை. கடைசியில் இருவரையும் ஒரே நாளில் இழந்தார்.

என் கருத்து இதுதான். கர்த்தருக்கு முதல் இடம் கொடுத்தால் மனிதர்மேல் உள்ள அன்பு குறையாது. அவர்கள் தூக்க முடியாத ஒரு பாரம் அவர்கள் தலையிலிருந்து இறங்கும். என் மகள் எனக்கு மகளாக இருக்க முடியும். என் பயத்துக்கு மருந்தாக, என் தனிமைக்குக் காவலாக, என் முதுமைக்கு உத்தரவாதமாக எல்லாம் அவளே இருக்க வேண்டும் என்றால், அது கர்த்தருடைய வேலையை ஒரு பெண்பிள்ளையிடம் கொடுப்பது. அவளால் அது முடியாது. முடியாதபோது நமக்குக் கோபம் வருகிறது. எத்தனையோ வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கிற சண்டையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் சபைகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறோம். அந்த டியூஷனை நடத்தியவர்களில் நானும் ஒருவன். "பரீட்சை முடியட்டும், அப்புறம் கோவிலுக்கு வரட்டும்" என்று பெற்றோர் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். பிள்ளைகள் அதிலிருந்து ஒரு பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டார்கள். முக்கியமான காரியம் வந்தால் கர்த்தர் காத்திருப்பார் என்ற பாடம். இன்று அவர்கள் பெரிய வேலையில் இருக்கிறார்கள், கோவிலுக்கு வருவதில்லை. அதற்கு நாம் அழுகிறோம்.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் பாருங்கள். விசா கிடைத்ததற்கு, வீடு கட்டியதற்கு, சீட் கிடைத்ததற்கு. நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் வருடக்கணக்காக நாம் கேட்டதெல்லாம் நம் வீட்டுக் காரியம் மட்டுமே என்றால், நாம் கர்த்தரை முதலில் வைக்கவில்லை. குடும்பத்தை முதலில் வைத்து, அதற்கு வேலை செய்ய அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். இன்னும் சிலருக்குப் பிடித்த பிரசங்கியார்தான் எல்லாம். அவர் சொன்னால் வேதம், அவர் விழுந்தால் இவர்கள் விசுவாசமும் விழுந்துவிடும். அதுவும் மனிதப் பற்றுதான், வெள்ளை உடுப்புப் போட்டிருக்கிறது.

இனி அந்தப் பட்டியலின் கடைசிப் பெயருக்கு வருகிறேன். நான்.

"தன் கையே தனக்குதவி" என்று 34 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன். பவுல் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர். அதே லூக்கா 14-ல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே சொல்கிறார். உழைப்பதும் திட்டம் போடுவதும் பாவம் இல்லை. ஆனால் லூக்கா 12-ல் ஒரு ஐசுவரியவான் வருகிறான், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறவன். அவன் பேச்சை ஒரு தமிழ் வாத்தியார் வாசித்தால் முதலில் கண்ணில் படுவது இலக்கணம். திரும்பத் திரும்ப "நான்", "என்", "எனக்கு". பெரும்பாலும் தன்மை ஒருமை. முன்னிலை என்று வருவதும் அவனேதான். பேசுவதும் தன் ஆத்துமாவோடுதான்.

2011-ல் ஓய்வு பெற்றேன். பணிக்கொடையும் பி.எஃப். பணமும் போட்டு அடுத்த வருடம் மாடி கட்டினேன். மகள் குடும்பம் திரும்பி வந்து மாடியில் இருக்கும், நாங்கள் கீழே இருப்போம், கடைசிக் காலம் அப்படியே போய்விடும். டைரியில் எழுதியே வைத்திருந்தேன். காலையில் முழங்காலில் நின்று "உம்மையே நம்பியிருக்கிறேன்" என்று ஜெபம் பண்ணுவேன். எழுந்ததும் டைரியை நம்புவேன்.

மனைவி போன பிறகு தனியாக இருந்தேன். பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு முஸ்லிம் தம்பி இருக்கிறார். "சார், ஒரு சாவியை எங்க வீட்ல குடுத்து வைங்க, அவசரத்துக்கு ஆகும்" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். "கர்த்தர் பாத்துக்குவாரு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்க விசுவாசமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது கவுரவம். யாரிடமும் கைநீட்டக் கூடாது என்கிற கவுரவம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம். விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்து சத்தம் போட்டேன். கடைசியில் அந்தத் தம்பிதான் பின்சுவர் ஏறிக் குதித்து, பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "உங்க கர்த்தர்தான் சார் மூணு தடவ என்னை அனுப்பி சாவி கேட்டாரு, நீங்கதான் குடுக்கல" என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன். ஆனால் எந்தப் பிரசங்கமும் என்னை அப்படிக் குத்தியதில்லை.

கர்த்தரை நம்புகிறவன் மனிதரிடம் உதவி கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. உதவி செய்ய வருகிறவரைத் தேவனாக்க வேண்டியதும் இல்லை. இப்போது ஒரு சாவி அந்த வீட்டில் இருக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. "கர்த்தரை மட்டும் நம்புகிறேன்" என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தச் சொல்கிற ஊழியக்காரர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். லூக்காவே வைத்தியர்.

இரண்டாவது, "ஊழியம்தான் முக்கியம்" என்று வயதான பெற்றோரைத் திரும்பிப் பார்க்காதவர்கள். மாற்கு 7-ல் ஆண்டவர் இதைத்தான் கண்டித்தார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கிற வழக்கத்தை. சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்புக்கொடுத்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லித் தாயைக் கைவிடுவது அவரை முதலில் வைப்பது ஆகாது.

இப்போது போன வார விஷயம். மஸ்கட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். பேரன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். இவர்கள் இந்தியா திரும்புகிறார்கள். என் மாடிக்குத்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அப்பா, சத்தீஸ்கர்ல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்க நர்சிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்க ஆள் இல்லையாம். ரெண்டு வருஷம். அவங்களும் சம்மதிச்சிட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவளே கேட்டாள். "நீங்க அங்க தனியா இருக்கீங்க. உங்களை விட்டுட்டுப் போனா அது கொர்பான் ஆயிருமாப்பா?"

இரண்டு நாள் தவணை கேட்டேன். இரண்டு இரவும் தூக்கமில்லை. அன்றைக்கு "பெண்பிள்ளை" என்று சொல்லித் தடுத்தேன். இன்றைக்கு எனக்கு ஒரு வசனமே கையில் கிடைத்திருக்கிறது. "ஆமாம்மா, கொர்பான்தான்" என்று சொன்னால் போதும், மாடிக்கு வந்துவிடுவாள். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

உண்மையாக யோசித்தேன். நான் படுக்கையில் கிடந்தால், என்னைக் கவனிப்பதே கர்த்தர் அவளுக்குக் கொடுத்த ஊழியம். அப்போது எந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம், வா என்று சொல்லலாம். ஆனால் நான் நடமாடுகிறேன். பென்ஷன் வருகிறது. தங்கச்சி மகன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. எனக்கு இருப்பது தேவை அல்ல, பயம். கொர்பான் என்பது பிள்ளை தப்பிக்கச் சொல்வது. இங்கே பிள்ளை தப்பிக்கவில்லை. தகப்பன்தான் கையைத் திறக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு, "போயிட்டு வாம்மா" என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நானும் அழுதேன். சமாதானம் வந்துவிட்டதா என்று கேட்டால், முழுதாக வரவில்லை. ராத்திரி கரண்ட் போனால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

என் அம்மா அதிகம் படித்தவள் இல்லை. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பிடியரிசிக் காணிக்கை உண்டு, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உலையில் போட அரிசி அளக்கும்போது, முதலில் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போட்டுவிட்டுத்தான் மற்றதைக் களைவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அப்படித்தான். சின்னப் பையனாக நான் ஒருநாள் கேட்டேன், "சாப்பிட்டு மிஞ்சினதைப் போட்டா என்னம்மா?"

"மிஞ்சினா போடலாம்னு வச்சா என்னைக்கும் மிஞ்சாதுல" என்றாள்.

முதல் இடம் என்றால் என்ன என்று எனக்கு இதைவிட எளிமையாக யாரும் விளக்கியதில்லை. 71 வயதில்தான் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி, உன் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

ஜூன் மாதம் போகிறார்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்காலத்தில் நல்ல குளிராம், அன்னாள்போல எனக்குத் தைக்கத் தெரியாது, ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்ப வேண்டும். மாடியை வாடகைக்கு விடுகிறேன். சின்னக் குடும்பமாக யாராவது இருந்தால் சொல்லுங்கள். தண்ணீர்க் கஷ்டம் இல்லை.